உறையும் தண்ணீர் விட்ட சூடு

என் முதுதத்துவமாணி ஆய்வேட்டில் நன்றியுரை ஐந்தே வரி. பகுதித் தலைவர், மேற்பார்வையாளர், நூலகம், தட்டச்சு செய்தவர். அந்த நாளில் அப்படித்தான் எழுத வேண்டும் என்றார்கள், எழுதினேன். ஆனால் அந்த ஆய்வு நடந்தது மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த ஒருவராலும், தெல்லிப்பழையில் றேடியோ திருத்திய ஒருவராலும், எங்கள் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவிய ஒருத்தியாலும்தான். அவர்களைப் பற்றி எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்துவிட்டது.

எண்பத்தெட்டாம் ஆண்டு. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பகுதியில் செய்முறை வகுப்புகளுக்கு உதவி விரிவுரையாளர். வீடு சண்டிலிப்பாய். அப்பா வெங்காயமும் புகையிலையும் வைத்த கமக்காரர். என் மேற்பார்வையாளர் ஒரு வருட லீவில் வெளிநாடு போனவர், நாட்டு நிலைமையைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். அவர் விட்டுப்போன தலைப்பு மட்டும் என்னிடம் இருந்தது: பலா விதையை நெடுங்காலம் சேமித்து வைப்பது எப்படி?

நெல்லையும் பயறையும் காயவைத்துச் சாக்கில் கட்டி வைக்கலாம். பலாக்கொட்டையை அப்படி வைக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும். ஈரமாக வைத்தால் முளைக்கும், இல்லையென்றால் அழுகும். ஒரு மாதம் தாண்டாது. தென்மராட்சியில் ஒரு நல்ல பலாமரம் எரிந்துபோனால் அதன் விதையும் அந்த வருடத்தோடு போய்விடும். இதற்கு ஒரு வழி இருந்தது. கொட்டையைப் பிளந்தால் ஒரு முனையில் அரிசி மணி அளவில் முளைக்கரு இருக்கும். அதை மட்டும் வெட்டி எடுத்து, திரவ நைதரசனுக்குள் போட்டுவிட்டால், அந்தக் கடும் குளிரில் அதற்கு வயது போகாது. பத்து வருடம் கழித்து எடுத்தாலும் முளைக்க வேண்டும். படிக்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கருவுக்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது ஊசி ஊசியான பனிக்கட்டியாகி அதை உள்ளேயிருந்து கிழித்துவிடும். தண்ணீரை முழுக்க எடுத்துவிட்டாலோ காய்ந்தே சாகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய இடம் உண்டு. அதைத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் திரவ நைதரசனுக்கு எங்கே போவது என்று தெரியாமல் மூன்று மாதம் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை எங்கள் பசுவுக்குச் சினை ஊசி போட ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஊரில் எல்லோரும் அவரை மாட்டு டொக்டர் என்பார்கள். டொக்டர் இல்லை, கால்நடை அலுவலகத்து உத்தியோகத்தர். நாற்பது வயதிருக்கும், கைதடிப் பக்கம் வீடு. மோட்டார் சைக்கிள் கரியரில் கட்டியிருந்த அலுமினியக் குடுவையின் மூடியைத் திறந்தார். வெள்ளைப் புகை கழுத்தால் வழிந்து மாட்டுக்கொட்டில் நிலத்தில் பரவியது.

நான் குசினியிலிருந்து ஓடிப்போய், "அண்ணை, உது திரவ நைதரசனோ?" என்றேன்.

"ஓம் தங்கச்சி. காளை மாட்டின்ரை விந்தை உதுக்குள்ளைதான் வைச்சிருக்கிறம். ஏன் கேக்கிறியள்?"

சொன்னேன். அவர் கையில் உறையோடு, பசுவின் வாலைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு, "பலாக்கொட்டையையோ?" என்று இரண்டு தரம் கேட்டார். சிரிக்கவில்லை. "மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. எங்கடை கந்தோரிலை கழுத்துப் பழுதான குடுவை ஒண்டு கிடக்கு. கெதியா ஆவியாகும் எண்டு ஒதுக்கி வைச்சிருக்கு. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா நிரப்பி விடுறன்" என்றார்.

சொன்னபடி செய்தார். இந்திய இராணுவம் நின்ற காலம் அது. ஒரு காவலரணில் குடுவையைத் திறக்கச் சொல்லி, புகை வந்ததும் துவக்கைத் தூக்கிவிட்டார்களாம். அவருக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கையை உயர்த்தியபடியே "ம்மா... ம்மா..." என்று மாடு மாதிரிக் கத்திக் காட்டினேன் என்றார். ஊரில் மாடு வைத்திருந்த ஒரு சிப்பாய்க்கு அது விளங்கி, சிரித்து, போகவிட்டானாம். எங்களுக்குச் சொல்லும்போது அவரும் சிரித்தார்.

எங்களுக்கு என்று சொன்னேன். ஆய்வுகூடத்தில் என்னோடு இன்னொருத்தி இருந்தாள். குருநகர்ப் பெண். கடல்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். என் வயதுதான். பதவியின்படி அவள் வேலை கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி அடுக்குவது. மற்றவர்கள் முன்னால் என்னை மிஸ் என்பாள், தனியே இருக்கும்போது நீ என்பாள். நான் முளைக்கருவை வெட்டினால் மூன்றில் ஒன்று நசுங்கும். ஒருநாள் பார்த்துக்கொண்டு நின்றவள், "தா பாப்பம்" என்று என் கையிலிருந்த சவர பிளேட்டை வாங்கினாள். சின்ன வயதிலிருந்து றால் உரித்த கை. பத்துக்கொட்டையில் பத்துக் கருவும் முழுசாக வந்தது. அன்றிலிருந்து வெட்டுவது அவள் வேலை, எழுதுவது என் வேலை.

முதல் தரம் ஈரத்தோடு குடுவைக்குள் போட்டோம். வெளியே எடுத்து வளர்ப்புக் கூழில் வைத்தவை இரண்டு நாளில் மண்ணிறமாகிக் கரைந்தன. பிறகு ஒரு பெட்டிக்குள் வைத்துச் சின்னக் காற்றாடியால் காயவைத்து, ஒரு மணித்தியாலம், இரண்டு, மூன்று, நான்கு என்று பிரித்துப் போட்டோம். ஆடி மாதம், வறண்ட சோளகக் காற்று யன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது. மூன்று மணித்தியாலம் காய்ந்த பத்தில் ஆறு பச்சை பிடித்தது. ஒரு வாரத்தில் நுனியில் இரண்டு இலை மடிப்பு. நான் அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பகுதி முழுக்கத் திரிந்தேன். மேற்பார்வையாளருக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதினேன். மூன்று மணித்தியாலம் என்பதை இரண்டு தரம் அடிக்கோடிட்டேன்.

கார்த்திகையில் மாட்டு டொக்டர் ஒரு சாக்கில் பலாப்பழம் கொண்டுவந்தார். மீசாலையில் ஒரு வீட்டில் மரம் இடைப்போகத்தில் காய்த்திருக்கிறது, நான் ஆய்வுக்குக் கேட்டதாகச் சொன்னதும் வீட்டுக்காரர் சும்மா தந்தார்கள் என்றார். சுளையை எல்லோருமாகத் தின்றோம். கொட்டையை அவள் வெட்டினாள். மூன்று மணித்தியாலம் காயவைத்தோம். உறைய வைத்தோம். எல்லாம் செத்தது. இன்னொரு தரம் செய்தோம், எல்லாம் செத்தது. மூன்றாம் தரமும் அதே மண்ணிறக் கூழ்.

மூன்றாம் தரம் போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஏதோ அறுந்தது. "பிளேட்டை வடிவா நெருப்பிலை காட்டினனியோ?" என்று கேட்டேன்.

"காட்டினனான்."

"நேரம் பாத்தனியோ? மூண்டு மணித்தியாலம் வைச்சனியோ, இல்லை கதைச்சுக்கொண்டு நிண்டிட்டு முந்தியே எடுத்தனியோ?"

"மூண்டு மணித்தியாலம் வைச்சனான். நான் சொல்லுறதைக் கேள், இந்த மழைக்கு..."

"மழைக்கும் இதுக்கும் என்ன? ஆடியிலை வந்தது இப்ப ஏன் வரேல்லை? நான் பிழை விடேல்லை. அப்ப ஆர் விட்டது?"

அந்த நேரம் இரண்டாம் வருட மாணவர்கள் செய்முறை வகுப்புக்கு வந்து வாசலில் நின்றார்கள். அவர்கள் முன்னால் அதைச் சொன்னேன். அவள் கையைக் கழுவி, மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் வரவில்லை. சுகவீன லீவு என்று கடிதம் வந்தது.

அந்த இரண்டு வாரமும் நானே வெட்டினேன், நானே கழுவினேன். நான் செய்தவையும் செத்தன. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. என் கை சரியில்லாததால் நான் செய்தது செத்தது, அவள் கவனிக்காததால் அவள் செய்தது செத்தது என்று இரண்டு காரணம் வைத்திருந்தேன்.

அப்போது மேற்பார்வையாளரின் பதில் வந்தது. கடிதம் நாலு வரி. கூடவே ஒரு கட்டுரையின் போட்டோப் பிரதி. வேறு நாட்டில் வேறு மரத்தின் கருவை, உறையும்போது அது விடும் சூட்டை வைத்துச் சோதித்திருந்தார்கள். தண்ணீர் உறையும்போது கொஞ்சம் சூட்டை வெளியே விடும். ஒரு பொருளை ஒரே சீராகக் குளிரவைத்துக்கொண்டு போனால் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வரும். தண்ணீர் பனிக்கட்டியாகும் கணத்தில் ஒரு துள்ளுத் துள்ளி மேலே ஏறி, பிறகு இறங்கும். கருவுக்குள் உறையக்கூடிய தண்ணீர் இல்லையென்றால் அந்தத் துள்ளல் வராது. அவர்களிடம் அதற்கென்று ஒரு பெரிய கருவி இருந்தது. எங்களுக்கு அந்தக் கருவியின் படம்தான் இருந்தது.

ஆனால் கருவி செய்தது ஒன்றும் பெரிய மாயம் இல்லை. இரண்டு வேறு உலோகக் கம்பியின் நுனிகளை ஒன்றாக முறுக்கினால், சூடு மாறும்போது சின்ன மின் அழுத்தம் வரும். பாடப்புத்தகத்தில் வெப்பவிணை என்று படித்திருக்கிறோம். ஓர் இணையைக் கருவிலும் இன்னொன்றை அடுப்பில் முழுக்கக் காய்ந்த கருவிலும் குத்தி, இரண்டையும் எதிரெதிராக இணைத்து, ஒன்றாகக் குளிரவைத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் தெரியும். மயிர் மொத்தத்தில் மெல்லிய கம்பி வேண்டும். அரிசி மணிக்குள் குத்த வேண்டுமே.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிச் சந்திக்குக் கிட்ட ஒரு றேடியோக் கடை இருந்தது. கடைக்காரர் தடித்த கண்ணாடி போட்ட, அதிகம் கதைக்காத மனிதர். நான் படம் கீறிக் காட்டினேன். எரிந்துபோன ஒரு டிரான்ஸ்போமரைப் பிரித்து மெல்லிய செப்புக் கம்பி எடுத்தார். மற்றக் கம்பிக்கு மேசை லாச்சிகளைக் கிளறி, பழைய தடைச் சுருள் ஒன்றைக் கண்டுபிடித்தார். பூதக்கண்ணாடிக்குக் கீழே இரண்டு நுனியையும் முறுக்கி, ஈயத்தைத் தொட்டும் தொடாமலும் வைத்தார். ஊசி முனை அளவு மினுக்கம். ஒரு நுனியைத் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விட்டு, மற்றதைத் தன் உதட்டில் வைத்துக்கொண்டு மீற்றரைப் பார்த்தார். முள் மெல்ல நகர்ந்தது.

"வேலை செய்யுது. நாலு சோடி செய்து தாறன். உது கெதியா முறியும். முறிஞ்சால் கொண்டு வாங்கோ" என்றார். எதற்கென்று அப்போது கேட்கவில்லை. போகும்போது மட்டும், "உயிருள்ள சாமானுக்குள்ளையோ குத்தப் போறியள்?" என்றார். ஓம் என்றேன். "அப்ப ஈயத்தை இன்னும் குறைக்க வேணும்" என்று சொல்லி எல்லாவற்றையும் திரும்பச் செய்தார். நான் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். அந்த இரண்டு மணித்தியாலமும் கடைக்கு வந்தவர்களைப் பிறகு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

பௌதிகவியல் பகுதியில் சின்ன மின்னோட்டத்தையும் அளக்கும் ஒளிப்பொட்டுக் கல்வனோமானி ஒன்றைக் கடன் வாங்கினேன். அதில் முள்ளுக்குப் பதில் ஒரு வெளிச்சப் பொட்டு அளவுகோலில் நகரும். மழை கொட்டிய ஒரு மத்தியானம், மூன்று மணித்தியாலம் காயவைத்த கருவில் கம்பியைக் குத்தி, குடுவையின் கழுத்தில் குளிர்ப் புகைக்குள் மெல்ல இறக்கினேன். பொட்டு ஒரே இடத்தில் நின்றது. இன்னும் இறக்கினேன். திடீரென்று பொட்டு அளவுகோலின் விளிம்புவரை பாய்ந்தது.

கருவுக்குள் தண்ணீர் நிறைய இருந்தது. மூன்று மணித்தியாலம் காய்ந்தும் அது காயவில்லை. ஆடியின் சோளகம் மூன்று மணித்தியாலத்தில் எடுத்த தண்ணீரைக் கார்த்திகையின் ஈரக்காற்று எடுக்கவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை. அவள் ஒரு பிழையும் விடவில்லை.

அடுத்த நாள் குருநகருக்குப் போனேன். அவள் வீடு கடற்கரைக்குக் கிட்ட, தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டாவது ஒழுங்கை. தாயும் அவளும் முற்றத்துத் தாழ்வாரத்தில் இருந்து றால் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கோ மிஸ்" என்றாள். ஆட்கள் இல்லாத இடத்தில் அவள் என்னை மிஸ் என்றது அதுதான் முதல் தரம். சைக்கிளில் வரும்போது சேர்த்துவைத்த வசனம் எல்லாம் போய்விட்டது.

"பிழை என்னிலைதான்" என்றேன். "கரு காயேல்லை. ஈரம் அப்பிடியே இருந்தது. நேற்று அளந்து பாத்தன். நீ எல்லாம் சரியாத்தான் செய்திருக்கிறாய். பிள்ளையளுக்கு முன்னாலை உன்னை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்."

அவள் தாய் எழுந்து உள்ளே போனார். அவள் இன்னும் நாலைந்து றால் உரித்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்: "மழைக்காலத்திலை கருவாடு வெயில்காலம் மாதிரிக் காயாது மிஸ். இந்த ஒழுங்கையிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். அண்டைக்கு நான் அதைத்தான் சொல்ல வந்தனான். நீங்கள் சொல்ல விடேல்லை."

கால் மரத்துப்போகும்வரை அவளுக்கு முன்னால் குந்தியிருந்தேன். தாய் தேத்தண்ணி கொண்டுவந்தார், குடித்தேன். போக எழுந்தபோது அவள், "எப்பிடி அளந்தனி?" என்று கேட்டாள்.

அந்தச் சொல்லில் இருந்த ஒருமை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கம்பியைப் பற்றி, பொட்டைப் பற்றி, அது பாய்ந்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். றாலை வைத்துவிட்டுக் கேட்டாள். "தனியாளா பொட்டையும் பாத்து எப்பிடி எழுதினனி?"

"எழுதேல்லை. பாத்தது மட்டும்தான்."

"சரி. திங்கக்கிழமை வாறன். ஆனா ஒண்டு, நான் வர முந்தி கிடக்கிற கோப்பையளை எல்லாம் நீ கழுவி வைச்சிரு."

கழுவி வைத்தேன். எண்பதுக்கு மேல் இருந்தன.

அதன்பிறகு வந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நான் ஒழுங்காக வேலை செய்த மாதங்கள். அவள் பொட்டைப் பார்த்து ஐந்து விநாடிக்கு ஒருதரம் எண் சொல்லுவாள். நான் எழுதுவேன். "பன்ரெண்டு. பன்ரெண்டு. பதினொண்டு. பாய்ஞ்சிட்டுது! நாப்பது!" பாய்ந்தால் அந்தத் தொகுதிக் கருவை இன்னும் காயவைக்க வேண்டும். பாயும் உயரம் ஒவ்வொரு தரமும் குறைந்தது. ஒரு கட்டத்தில் பொட்டு அசையவே இல்லை. அந்த இடத்தில் நிறுத்தி, அதற்கு மேல் ஒரு நிமிடமும் காயவைக்காமல் குடுவைக்குள் போட்டோம். மார்கழி மழை, தை வெயில், பங்குனிப் புழுக்கம் எல்லாவற்றிலும் காயும் நேரம் மாறியது. பொட்டு மட்டும் ஒரே செய்தியைச் சொன்னது. பத்தில் ஆறு, ஏழு என்று பிழைக்கத் தொடங்கின. கம்பி முறிந்தது, தெல்லிப்பழைக்குப் போனேன். திரும்ப முறிந்தது, திரும்பப் போனேன். கடைசியில் அவர் என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் பூதக்கண்ணாடியை எடுப்பார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்துக்குள், மீசாலை மரத்துக் கருக்களை ஈயத்தாளில் சுற்றி அறுபது பொட்டலம் குடுவைக்குள் சேர்த்திருந்தோம். பத்து வருடம் இருக்க வேண்டிய சேமிப்பு. அந்த மாதமே சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் நின்றது. கொழும்பு றெயில் நின்றது. நைதரசன் இனி வராது.

குடுவைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு மரக்குச்சியை விடுவோம். வெளியே எடுக்கும்போது வெள்ளையாகப் பனி பிடித்த உயரம்தான் மிச்சம். ஒவ்வொரு நாளும் அந்த வெள்ளை ஒரு விரல் குறைந்தது. அது தீர்ந்தால் அறுபதும் போத்தலுக்குள் வராமலே சாகும். உடனே எடுத்து வளர்ப்பதென்றால், கூழ் காய்ச்சவும் கிருமி நீக்கவும் ஆய்வுகூடத்தில் கரண்ட் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியும் ஷெல் விழும் வழியாகிவிட்டது. அதற்கு முன்னமே குடுவையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

மாட்டு டொக்டர் ஒருநாள் காலை மிதி சைக்கிளில் சண்டிலிப்பாய்க்கு வந்தார். பெற்றோல் இல்லை. கரியரில் அவருடைய நல்ல குடுவை. அப்பா ஓடிப்போய்ப் பிடித்து இறக்கினார்.

"உங்கடை குடுவை ஓட்டை. ரெண்டிலையும் கிடந்து ஆவியாகிறதை விட, எல்லாத்தையும் இதுக்குள்ளை ஊத்துவம்" என்றார்.

"அண்ணை, உங்கடை விந்துக் குழாய்கள்?"

"இருக்கிறதை ஊர் ஊராக் கொண்டுபோய்க் கெதியா முடிக்கிறன். முடிய முடிய உங்கடைக்கு இடம் வரும். மாட்டுக்கு வேறை வழி இருக்கு தங்கச்சி. காளையைக் கயித்திலை கட்டிக் கூட்டிக்கொண்டு போகலாம். பலாவை அப்பிடிக் கூட்டிக்கொண்டு போகேலாது."

அவர் தந்தது மூன்று வாரம். ஒவ்வொரு நாளும் எங்கள் பொட்டலங்களோடு மாடுகளிடம் போய் வந்தார்.

அந்த மூன்று வாரத்துக்குள் குருநகர் வெறுமையானது. யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் அங்கே இருக்க முடியவில்லை. அவளும் தாயும் இரண்டு தம்பிகளும் ஒரு தள்ளுவண்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வண்டியில் சட்டி பானைகளுக்கு நடுவே ஒரு துணி மூட்டை. அவிழ்த்தால் ஆய்வுகூடத்து உப்புப் போத்தல்கள், சாராய விளக்கு, பிளேட்டுகள். இடம்பெயர்வதற்கு முதல் நாள் பல்கலைக்கழகத்துக்குப் போய் எடுத்து வந்திருக்கிறாள். "உனக்கென்ன விசரோ, ஷெல் விழேக்கை போயிருக்கிறாய்?" என்று அழுதேன். "ஓம்" என்றாள்.

அம்மா தன் குசினியை எங்களிடம் தந்துவிட்டு, வெளியே மூன்று கல் வைத்துப் பத்துப் பேருக்குச் சமைத்தா. அம்மா வெள்ளிக்கிழமைகளில் வெங்காயமும் சேர்க்காதவ. அந்த வெள்ளிக்கிழமைகளில் குருநகர்த் தாய்க்கு மீன் சமைக்கப் பக்கத்திலேயே இன்னொரு அடுப்பு மூட்டிக் கொடுத்தா. இரண்டு அடுப்பும் ஒன்றாக எரிந்தன, இருவரும் கதைத்துக்கொண்டே சமைத்தார்கள். நாங்கள் உள்ளே இளநீர், சீனி, உப்புகள், கடற்பாசிக் கூழ் சேர்த்துக் காய்ச்சி, அயலெல்லாம் கேட்டு வாங்கிய ஜாம் போத்தல்களில் ஊற்றி, விறகு அடுப்பில் பிறஷர் குக்கரில் அவித்து எடுத்தோம். தூசு எழும்பாமல் இருக்க ஈரச் சீலைகளைச் சுற்றிக் கட்டினோம்.

வெள்ளைப் பனி குச்சியில் இரண்டு விரலாகக் குறைந்த நாளில் பொட்டலங்களை எடுத்தோம். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, கதைக்காமல், ஒவ்வொன்றாக இளஞ்சூட்டு நீரில் உருக்கிப் போத்தலில் வைத்தோம். பாதி முடிந்திருக்கும், பொம்பர் விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். சத்தம் தலைக்கு மேலே வந்து, தூரத்தில் எங்கேயோ இரண்டு அதிர்வு. அதற்குப் பிறகுதான் அவள் நடந்து வந்தாள்.

"மூடியள் திறந்து கிடந்தது. பதினொண்டு. மூடிப்போட்டு வந்தனான்" என்றாள்.

மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் பச்சை பிடித்தன. யன்னலோரம் வெளிச்சம் போதாமல் பல வெளிறிப்போயின, சில பூஞ்சணம் பிடித்தன. வேர்விட்டு மண்ணுக்கு வந்தவை ஒன்பது. அப்பா தன் வெங்காயத் தோட்டத் தறையின் மூலையில் பந்தல் போட்டு அவற்றுக்கு நிழல் கொடுத்தார். மழை முடிந்ததும் ஆளுக்கு ஆள் கொடுத்தோம். மீசாலை வீட்டுக்கு இரண்டு, மாட்டு டொக்டருக்கு இரண்டு, எங்கள் வளவில் மூன்று. றேடியோக்காரர் அப்போது இடம்பெயர்ந்து மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார். தேடிப்போய் ஒன்று கொடுத்தேன். "எனக்கு நட வளவில்லையே" என்றார். பள்ளிக்கூட மதிலோரம் நட்டு, போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அந்தக் கம்பி எதற்கு என்று அன்றுதான் கேட்டார். முழுவதும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து அந்தக் கன்றின் இலைகளை எண்ணினார். கடைசி ஒன்றை அவள் குருநகருக்குத் திரும்பும்போது கொண்டுபோனாள். உவர் மண்ணில் அது நிற்காது என்று இருவருக்கும் தெரியும். நிற்கவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து நடந்தபோது, நான் பையில் போட்டது இரண்டு சேலையும் ஆய்வுக் குறிப்புக் கொப்பிகளும். மாட்டு டொக்டர் கைதடி வீதியில் நின்று எங்களைத் தேடிப் பிடித்தார். அவர் வளவில் ஏற்கெனவே முப்பது பேர். அவருடைய மனைவி எங்களுக்கும் பாய் விரித்தா. காலையில் அவர் சொன்னபடியே ஒரு காளையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனதைப் பார்த்தேன். கந்தோர் இல்லை, சம்பளம் எப்போது வருமென்று தெரியாது. ஆனால் இடம்பெயர்ந்த மாடுகளும் மாடுகள்தானே என்றார்.

அந்தக் கொப்பிகளை வைத்து, சில வருடம் கழித்து வேறு ஊரிலிருந்து ஆய்வேட்டை முடித்தேன். அதற்குள் வேறு நாடுகளில் நல்ல கருவிகளோடு இதையே செய்து எழுதிவிட்டார்கள். அவர்கள் சொன்ன நீரளவும் எங்கள் வெளிச்சப் பொட்டு சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. முதலில் வயிறு எரிந்தது. பிறகு அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், சந்தோஷமாக இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையையும் உதட்டையும் வைத்துச் சரிபார்த்த கம்பி பொய் சொல்லவில்லை.

அவள் இப்போது ஒரு குளிர் தேசத்தில், ஆஸ்பத்திரி ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறாள். அங்கே போய்ப் படித்து, முறையான பதவியோடு. போன மாதம் தொலைபேசியில், இப்படி ஒன்று எழுதப் போகிறேன், பதினொரு மூடியையும் எழுதப் போகிறேன், அன்றைக்கு உனக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை என்றேன்.

"விசர்க் கதை கதையாதை" என்றாள். "முதல் கிடக்கிற கோப்பையளைக் கழுவி வைச்சிட்டுப் பிறகு எழுது. இஞ்சை எனக்கு வேலைக்கு நேரமாகுது."